கவிழ்த்து வைத்த பால் வாளிகள்

பந்தாட்டத்தை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. தொலைக்காட்சியில் பார்த்தாலும் நின்றுகொண்டுதான் பார்ப்பேன். கோல் கம்பத்தருகே பந்து போனால் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். "இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா மத்தவங்க எப்படிப் பாக்குறது?" என்று என் மனைவி திட்டுவாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் சிரம்பானில் பந்து ரசிகர்கள் பெரிய ரகளை செய்தார்கள். கிளப்பை நடத்துகிறவர்கள் சரியில்லையாம். வேண்டியவன், வேண்டாதவன் பார்த்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கிறார்களாம். பதாகைகளைத் தலைகீழாகக் கட்டினார்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒரு பக்கத்து இருக்கைகளை மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர், நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது மருத்துவ உதவியாளர்கள். அம்பாங்கானில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அய்யா, ஒங்க காலத்துல எல்லாம் இந்த மாதிரி எதுத்துக் கேட்டதே இல்லதானே?" என்றான் ஒருவன்.

"ஜப்பான்காரன் காலத்துல கஞ்சிக்கே வழி இல்ல. பந்து எங்கலா?" என்றான் மற்றவன்.

எனக்குச் சுருக்கென்றது. நேற்றுப் பிறந்தவர்கள் நம் காலத்துக்குக் கணக்கு முடித்துவிடுகிறார்கள். "இருந்துச்சுப்பா. ஒங்களவிடப் பெரிசா இருந்துச்சு. உக்காருங்க," என்றேன். அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

என் வேலை டிரசர் வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கழுவுவது, மருந்து கலப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது, பிணத்துக்குச் சீட்டு எழுதுவது எல்லாம் ஒரே ஆள்தான். சிரம்பானில் பயிற்சி எடுத்தேன். வெள்ளைக்கார டாக்டர் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டக் கற்றுக்கொண்டதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். பிறகு கெமாஸ் பக்கம் கறுப்பாற்று ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்து சட்டைப்பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் ஜப்பான் சண்டை வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூட அழைத்துக்கொள்ளாமல் காரில் ஏறிப் போனார். தோட்டம், ஆபீசில் தலைமைக் கணக்கராக இருந்த பெரிய கிராணியார் கைக்கு வந்தது. ஆபீசு, ஆஸ்பத்திரி, பந்துக் கிளப்பு எல்லாவற்றுக்கும் இனி அவர்தான் மேலதிகாரி.

சபாபதி கிராணியார் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆகட்டும், பார்ப்போம்" என்பார். மருந்து இல்லை என்று நான் போய் நின்றால் "ஆகட்டும், பார்ப்போம்." குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆட்கள் வந்தால் "ஆகட்டும், பார்ப்போம்." கேட்டவன் பாதி வயிறு நிறைந்த மாதிரி திரும்பிப் போவான். லயத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரியும். கோபப்படுகிற மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசலாம். இந்த மனிதரிடம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியாது. பல நாள் அவர் அறையை விட்டு வெளியே வந்து சும்மா ஒரு மரத்தை உதைத்திருக்கிறேன்.

எங்கள் பந்துக் கிளப்பு சண்டைக்கு முன்பே பேர் பெற்றது. பேர் வாங்கித் தந்ததில் பாதி ஆட்டக்காரர்கள், பாதி பார்க்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பால்மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ஆணும் பெண்ணும் அவரவர் பால் வாளியோடு வருவார்கள். நம் ஆட்டக்காரன் பந்தோடு ஓட ஆரம்பித்தால் வாளி மெல்ல முழங்கும். கோல் பக்கம் போகப் போக வேகம் ஏறும். கோல் விழுந்தால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும். அந்த வாளிக்கூட்டத்துக்குத் தலைவி அஞ்சலை. நெட்டையான பெண்பிள்ளை, எட்டூருக்குக் கேட்கும் குரல். அவள் புருஷன் சின்னையாதான் எங்கள் கோல் கீப்பர். அவன் பந்தைப் பிடித்தால் மற்றவர்கள் வாளியை அடிப்பார்கள்; அவள் மட்டும் "பாத்துய்யா, விரலு!" என்று கத்துவாள்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்கள் சம்பளம், அரிசி என்ற பேச்சை நம்பித் தாங்களாகவே போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதன் பிறகு லோரி வருகிறது என்றாலே ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். இதற்கு நடுவில் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஜப்பான் அதிகாரிக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். தோட்டத்து டீமில் ஆடுகிறவனை சயாமுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லி, ஆட்டக்காரர்களுக்கு முழங்கைக்கு மேல் கட்ட ஒரு வெள்ளைப் பட்டை கொடுத்தார். பட்டை இருந்தால் லோரி நிற்காது. பட்டை இல்லாதவனுக்கு என்றைக்கும் பயம்தான்.

அங்கேதான் கிளப்பு கெட்டுப்போனது. சிரம்பானிலிருந்து ஒருவன் பின் ஒருவனாகக் கிராணியாரின் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வலது பக்கம் ஆடிய ஆறுமுகம் போய் அங்கே அவருடைய மச்சினன் வந்தான். நடுவில் ஆடியவன் போய் இன்னொருவன் வந்தான். பட்டை இழந்தவர்கள் அடுத்த லோரியில் சயாமுக்குப் போனார்கள். புது ஆட்டக்காரன் ஒவ்வொருவனையும் நான் சோதித்து அனுப்ப வேண்டும் என்பது கிளப்பின் பழைய முறை; அது மட்டும் மாறவில்லை. சோதித்தேன். எல்லோரும் நல்ல சாப்பாடு சாப்பிட்ட பட்டணத்துப் பிள்ளைகள். பந்து ஆடத் தெரியுமா என்பது நாடி பிடித்தால் தெரிகிற விஷயமா?

கடைசியாக வந்தவன் தியாகு; அவன் மட்டும் அப்படி இல்லை. கிராணியாரின் விதவைத் தங்கைக்கு ஒரே மகன். ஒல்லியான, பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற பையன். அவனைக் கோல் கீப்பராக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே அவன் முன்னெலும்பை நான் கட்டைவிரலால் அழுத்தினேன்; எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அரிசி இல்லாமல் வருகிற வீக்கத்தின் ஆரம்பம். அதையும் கிராணியாரிடம் சொன்னேன். "ஆகட்டும், பார்ப்போம்" என்றார். அன்று மாலை பந்து பழகும்போது யாரோ விளையாட்டாகத் தூக்கிப் போட்ட பப்பாளிப் பழம்கூட அவன் கையில் நிற்கவில்லை. நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. அவனே முதலில் சிரித்தான். "எனக்குப் பந்தே புடிக்காதுண்ணே. மாமாதான் நிக்கச் சொன்னாரு," என்றான் என்னிடம்.

சின்னையாவின் கையிலிருந்து பட்டை அவிழ்ந்தது. "வயித்துல கட்டி இருக்குன்னு டிரசர் சொல்லியிருக்கார். ஒடம்பப் பாத்துக்கப்பா," என்று கிராணியார் கனிவாகச் சொல்லி அனுப்பினாராம். கட்டி என்று அவர் சொன்னது மண்ணீரல் வீக்கம்; மலேரியா பிடித்த தோட்டத்தில் அது யாருக்குத்தான் இல்லை? எனக்கே இருந்தது.

அஞ்சலை கூட்டத்தோடு ஆபீசுக்குப் போனாள். நான் மருந்துச் சீட்டுக்காக அங்கே நின்றிருந்தேன்.

"கிராணியய்யா, கிளப்பு எங்க ஆளுங்க காடு வெட்டித் திடல் போட்டு உண்டாக்குனது. ஒங்க வூட்டுச் சத்திரம் இல்ல. என் புருசன் பட்டையக் குடுங்க. பழைய ஆளுங்கள டீமுல சேருங்க. யாரு ஆடுறதுன்னு இனிமே லயத்துல கேட்டுச் செய்யுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதத் தொடச்சது போதுங்க. பதிலச் சொல்லுங்க!"

"ஆகட்டும் அஞ்சலை, பார்ப்போம்."

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நின்றபோது சயாமுக்குப் போகும் அடுத்த கூட்டத்தின் பேர்களைக் கூப்பிட்டார்கள். அதில் சின்னையா இருந்தான்.

அன்று வேலைக்காட்டில் ஒருவரும் சரியாக வேலை செய்யவில்லை. மரவள்ளிக்குக் குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பேசிக்கொண்டே நின்றார்கள். கல்லெறியலாம் என்றான் ஒருவன். திடலைக் கொத்திப் போடலாம் என்றான் இன்னொருவன். சிப்பாய்கள் சுட்டுவிடுவார்கள் என்று கிழவர்கள் அடக்கினார்கள். கடைசியில் அஞ்சலைதான் வழி சொன்னாள். எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அன்று யாரும் பால் எடுக்கப் போகமாட்டார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கவிழ்ந்த வாளியை நிமிர்த்தவும் மாட்டார்கள், சத்தம் போட்டுப் பேசவும் மாட்டார்கள். "ஞாயித்துக்கெழம எல்லாரும் வாளியக் கவுத்து வச்சு ஒக்காருவோம். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. கிளப்பு செத்துப்போச்சுன்னு அந்தாளு தெரிஞ்சுக்கட்டும். ஜப்பான் தொரை முன்னால அவரு மானம் போகட்டும்," என்றாள்.

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. கல்லும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். நானும் ஆஸ்பத்திரி வாளி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று திடலைச் சுற்றி வரிசை வரிசையாகக் கவிழ்த்த வாளிகள். அதன் மேல் ஆண்களும் பெண்களும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பிள்ளைகளைக்கூட அடக்கி வைத்திருந்தார்கள். கிராணியார் வந்ததும் புரிந்துகொண்டார், முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கக் கை போனது, வேட்டி நுனி சிக்கவில்லை. தியாகு பந்தை விட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை. அந்த அமைதியில் பந்தை உதைக்கிற சத்தம் எனக்கே என்னவோ செய்தது. எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் அதிகாரி எழுந்தார். இடி விழப் போகிறது என்று காத்திருந்தோம். அவர் திடலின் நடுவே வந்து எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். "பாகுஸ்! பாகுஸ்!" என்றார். மலாயில் அவருக்கு வாயில் வந்த சொல் அது. ரொம்ப நல்லது என்று அர்த்தம். மீதியை அவருடைய துபாஷி மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னான். மற்றத் தோட்டங்களில் சனங்கள் சந்தைக்கடை மாதிரி கத்துகிறார்களாம். இங்கேதான் முதல் முறையாக ஒழுங்கைக் கண்டாராம். எல்லோரும் அவரவர் முக்காலியோடு வந்து, வரிசையாக அமர்ந்து, மரியாதையோடு பார்த்தார்களாம். இப்படிப் பழக்கிய கிராணியாருக்குப் பாராட்டாம். இனி எல்லா ஞாயிறும் இப்படியே உட்கார வேண்டும், சத்தம் கூடாது, இது உத்தரவு. கிராணியார் கையில் ஒரு டின் சிகரெட்டும் கொடுத்தார்.

எங்கள் சாவு வழக்கம் அவருக்குத் தெரியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் எல்லோருக்கும் கவிழ்த்த வாளி என்றால் சாவுதான் என்ற நினைப்பு. நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். வீட்டுக்கு நடந்தபோது ஆறுமுகத்தின் தகப்பனார் சிரிக்க ஆரம்பித்தார். அது அழுகையாக மாறியதைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்துவிட்டேன்.

அந்த வாரம் சயாம் கூட்டத்தைச் சோதிக்கும் வேலை எனக்கு. வழக்கமான சோதனை இப்படி: ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லும்போது இடது விலாவுக்குக் கீழே விரல் வைக்க வேண்டும். மண்ணீரல் இறங்கி விரலில் இடிக்கும். எத்தனை விரற்கடை என்று பார்க்க வேண்டும். கீழ் இமையை இழுத்து ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை என்று துபாஷி பக்கத்தில் வந்து நின்றான். சட்டையைத் தூக்கச் சொல்வான், வயிற்றில் ஒரு தட்டுத் தட்டுவான், "பாகுஸ்" என்பான். சின்னையாவின் வயிற்றையும் தட்டினான். "பாகுஸ்" என்றான். சின்னையா என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், துபாஷி அதற்குள் அடுத்தவனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு உத்தரவுப்படி எல்லோரும் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தோம். சயாம் லோரி இன்னும் வரவில்லை; சின்னையாவுக்கு அன்று கோலுக்குப் பின்னால் நின்று, ரப்பர் மரங்களுக்குள் ஓடும் பந்தைப் பொறுக்கி வரும் வேலை. ஆட்டத்துக்கு முன் அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூட்ஸோடு இறங்கி, பந்தை வைத்துக் கோலை நோக்கி உதைத்தார். தியாகு ஒரு பக்கம் விழுந்தான், பந்து மறுபக்கம் போனது. கோலில் வலை கிடையாது. பின்னால் நின்ற சின்னையா அதை ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்பிப் போட்டான். மறுபடி உதைத்தார். மறுபடி தியாகுவைத் தாண்டிப் போனதைச் சின்னையா பிடித்தான். மூன்றாவதை எம்பிப் பிடித்தான். பழக்க தோஷம், அவனால் பந்தை விட முடியாது.

டங்கென்று ஒரு சத்தம். அஞ்சலை எழுந்து, வாளியை நிமிர்த்தி, ஒரு கட்டையால் அடித்தாள். உத்தரவு மீறியாகிவிட்டது. சிப்பாய் அவளை நோக்கி நடந்தான். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்த கிழவி எழுந்து தன் வாளியை நிமிர்த்தினாள். அப்புறம் அந்த வரிசை, அப்புறம் எல்லா வரிசையும். நானும் அடித்தேன், கை வலிக்க அடித்தேன்.

அதிகாரி கையை உயர்த்தினார். வாளிகள் நின்றன, சிப்பாயும் நின்றான். சின்னையாவைக் கோலுக்குள் நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். "விட்டுடுடா, பெரியவர் அடிக்கட்டும்!" என்று கிராணியார் கெஞ்சினார். சின்னையா விடவில்லை. அதிகாரி ஓங்கி உதைத்தார், அவன் பிடித்தான். இன்னொன்று, அதையும் பிடித்தான். அவர் முகம் சிவந்தது; அறையப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கிராணியாரின் பக்கம் திரும்பினார்.

"இவன் ஏன் டீமில் இல்லை?" துபாஷி மலாயில் கேட்டான்.

"நோயாளி. டிரசர் சொன்னார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னையாவைப் புல்லிலேயே படுக்கச் சொன்னேன். முழங்காலை மடக்கினேன். மூச்சை இழுக்கச் சொன்னேன், விலாவுக்குக் கீழே விரலை வைத்தேன், அவசரப்படாமல் முறைப்படி பார்த்தேன். பிறகு எழுந்து எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "கட்டி இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. இதே வயிற்றை இந்த வாரம் துபாஷி தட்டிப் பார்த்து நல்ல வயிறு என்று சயாமுக்கு எடுத்தார். சயாமில் கல் சுமக்க நல்ல வயிறு, இங்கே பந்து பிடிக்கக் கெட்ட வயிறா? எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்."

துபாஷி விழித்தான். அதிகாரிக்கு அந்த அளவுக்கு மலாய் புரிந்துவிட்டது. சின்னையாவைப் பார்த்தார், தியாகுவைப் பார்த்தார். நடந்துபோய்த் தியாகுவின் கையிலிருந்த பட்டையை அவரே அவிழ்த்துச் சின்னையாவிடம் கொடுத்தார். திடல் அதிர வாளிகள் முழங்கின. சின்னையாவைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நானும் பைத்தியக்காரன் போலக் கத்தினேன். ஜெயித்துவிட்டோம்.

அந்தச் சத்தம் அடங்கும்போதுதான் அதிகாரி துபாஷியிடம் சொன்னது எங்களுக்கு வந்து சேர்ந்தது. சயாமுக்குத் தலை குறையக் கூடாது. அந்த இடத்துக்கு இந்தப் பையன் போகட்டும்.

"ஆகட்டும்," என்றார் கிராணியார். அவர் "பார்ப்போம்" சொல்லாமல் நிறுத்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

மறுநாள் காலை அவர் தியாகுவைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். "டிரசர், இவன் காலக் கொஞ்சம் அழுத்திப் பாருங்க. நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே... எந்தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். அழுத்தினேன். குழி முன்பைவிட ஆழமாக நின்றது. அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தியாகுவைக் கூட்டிக்கொண்டு அதிகாரியின் பங்களாவுக்கே போனேன். அவர் முன்னால் கால் எலும்பை அழுத்திக் காட்டினேன். குழியை அவர் அக்கறையாகத்தான் பார்த்தார். "சயாமில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது," என்றார்.

லோரி வந்தது. தோட்டமே வேலைக்குப் போகும் வாளியோடு ரோட்டோரம் நின்றது. ஏறியவர்களின் வீட்டார் அழுதார்கள். தியாகுவுக்காக அழ ஆளில்லை. தங்கைக்குச் சேதி சொல்லவே கிராணியாருக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஆபீசு வாசலில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பையன் லோரியின் பின்பக்கம் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பழக்கத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

அஞ்சலை அவித்த மரவள்ளிக்கிழங்கை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். "எம்புருசன் எடத்துக்கு ஒரு புள்ளய அனுப்பவா நான் வாளிய அடிச்சேன், டிரசரய்யா?" என்று என்னைக் கேட்டாள். லோரியின் பக்கம் போக முடியாமல் சிப்பாய் தடுத்தான். வண்டி நகரத் தொடங்கியது. சின்னையா அவள் கையிலிருந்த முடிச்சை வாங்கிக்கொண்டு ஓடினான்.

"தியாகு! கையப் பாக்காத, பொட்டலத்தப் பாருடா!" என்று கத்திக்கொண்டே எறிந்தான்.

முடிச்சு எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போனது. தியாகு எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான்.

"புடிச்சிட்டேண்ணே!" என்றான்.

முதலில் அஞ்சலையின் வாளி முழங்கியது. பிறகு ரோட்டின் இரு பக்கமும் எல்லா வாளிகளும் முழங்கின. அவனுக்காக வாளி அடித்தது அன்று ஒரு தடவைதான். லோரி வளைவில் திரும்பும்வரை அவன் அந்த முடிச்சைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே போனான்.